ஆடியில் யாரும் வீடு குடிபோவதில்லை

சித்திரை, வைகாசி வந்தால் என் போன் ஓயாது. வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்த பிறகுதான் பலருக்கு வாசலில் ஒரு செடிகூட இல்லை என்பது கண்ணில் படும். "தம்பி, இருபதாம் தேதி விசேஷம். அதுக்குள்ள கேட்லேர்ந்து போர்டிகோ வரைக்கும் பச்சையா இருக்கணும்." அப்போது அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருக்கும். செம்மண்ணில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. நான் என்ன சொன்னாலும் அன்றைக்கு அவர் காதில் ஏறாது.

எனக்கு வானூர் பக்கம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி வரை, கிழக்கே மரக்காணம் வரை, வீட்டுத் தோட்டம், பண்ணை வீடு, பள்ளிக்கூட வளாகம் என்று மரமும் செடியும் நட்டுக் கொடுப்பது பிழைப்பு. இந்தத் தொழிலில் பஞ்சாங்கத்துக்கும் மரத்துக்கும் ஒத்தே வராது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் நம்மவர்கள் வீடு குடிபோக மாட்டார்கள். அதில் ஆடியும் புரட்டாசியும்தான் எங்கள் பக்கம் கன்று நடுவதற்கு ஆண்டிலேயே நல்ல மாதங்கள். அப்போது என் ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆடி ஏன் நல்லது என்றால், வெயில் தணிந்து சாயங்கால இடிமழை ஆரம்பித்திருக்கும். பெரிய மழை இல்லை, மண்ணை நனைத்துவிட்டுப் போகிற மழை. மண் இன்னும் சூடாகத்தான் இருக்கும். வேருக்கு அந்தச் சூடும் ஈரமும் சேர்ந்து வேண்டும். ஆடிப் பெருக்குக்கு நட்ட கன்று, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் நர்சரிப் பையளவு மண்ணைத் தாண்டி வேர் விட்டிருக்கும். பெருமழையைக் குடித்து, தை மாசிப் பனியில் நின்று, முதல் கோடையைப் பார்க்கும்போது அதற்கு எட்டு ஒன்பது மாத வேர் இருக்கும். சித்திரையில் நட்டதற்கு நட்ட மறுநாளே கோடை. கார்த்திகையில் நட்டது தண்ணீரில் நின்றுவிட்டு, வேர் பிடிப்பதற்குள் மழை முடிந்துபோகும்.

சித்திரையில் கூப்பிடுகிறவரை வெறும் கையோடு அனுப்ப முடியாதே. அதனால் அவருக்குக் குழி வெட்டிக் கொடுக்கிறேன். கோடை முழுக்கக் குழி ஆறட்டும். மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை ஒரு பக்கம் குவித்து வைத்துவிடுவோம். முதல் கோடை மழைக்குத் தோட்டம் முழுக்கத் தக்கைப்பூண்டும் சணப்பையும் தட்டைப்பயறும் கலந்து விதைத்தால் ஒன்றரை மாதத்தில் இடுப்பளவு நிற்கும். பூ எடுக்கும்போது அதை மண்ணோடு மடக்கிப் போட்டு உரமாக்கிவிட்டு ஆடியில் நட்டால் கணக்கு சரியாக இருக்கும். விசேஷத்தன்று வாசலுக்கு? தொட்டியில் வைத்த அரளியும் காகிதப்பூவும் வாடகைக்குக் கிடைக்கும். வாழைமரம் எப்படியும் கட்டப்போகிறார்கள்.

குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மண் பார்க்க அழகாக இருக்கும், நல்ல சிவப்பு. ஒரு அடி, ஒன்றரை அடி வரை மண்வெட்டி இறங்கும். அதற்குக் கீழே கப்பி, அதாவது இறுகிப்போன சரளை. சில இடத்தில் செம்பூராங்கல்லே வந்துவிடும். கடப்பாரையால் குத்தினால் மணியடிப்பதுபோல் சத்தம் வரும். மூன்றடி ஆழம் வெட்டச் சொன்னால் ஆட்கள் என்னை முறைப்பார்கள், ஜேசிபியைக் கொண்டுவா என்பார்கள். ஜேசிபி வெட்டிய குழியில் இன்னொரு தொல்லை உண்டு. பக்கெட் உரசிய சுவர் வழவழவென்று மெழுகினாற்போல் ஆகிவிடும். வேர் அதில் முட்டித் திரும்பும். பாரையால் அந்தச் சுவரை நாலு பக்கமும் கொத்திவிட வேண்டும்.

நடுவதற்கு முன்னால் எந்தக் குழியிலும் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடுவேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் தெரியும். வற்றியிருந்தால் எந்த மரத்தையும் வைக்கலாம். தேங்கி நின்றால் அது குழி இல்லை, தொட்டி. அதில் வேம்போ முருங்கையோ மாதுளையோ வைத்தால் முதல் பெருமழையில் அழுகும். ஒன்று கப்பியை உடைத்துத் தண்ணீருக்கு வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே பூவரசு, நீர்மருது, புங்கன் என்று நீரில் நிற்கத் தெரிந்ததை வைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் இங்கே வந்து நகராமல் நின்றபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தோட்டங்களில் வாரக்கணக்கில் தண்ணீர். அதற்குப் பிறகு இந்த இரண்டு குடம் கதையைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

ஆழத்தைவிட அகலம் முக்கியம் என்பது என் கட்சி. குழி எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பையின் மண் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் கன்று கீழே போக வேண்டும். அகலம் பையைப்போல் மூன்று மடங்கு இருக்கட்டும். வேர் முதல் வருடம் பக்கவாட்டில்தான் ஓடப் பார்க்கும். குழிக்குள் கூடை கூடையாக எருவைக் கொட்டி அதன்மேல் கன்றை உட்கார வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எரு மக்க மக்கக் கீழே இறங்கும், கன்றும் கூடவே இறங்கும். ஒரு வருடத்தில் தண்டின் கழுத்து வரை மண் ஏறி, பட்டை ஈரத்தில் ஊறி, கறையான் வந்து உட்கார்ந்துவிடும். கன்று கெட்டியான மண்மேல்தான் உட்கார வேண்டும். எருவைப் பக்கத்து மேல்மண்ணில் கலந்து சுற்றிலும் போட்டால் போதும். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம்.

புது வீட்டுத் தோட்டத்தில் இன்னொன்றையும் தோண்டிப் பார்க்க வேண்டும். கொத்தனாரும் டைல்ஸ் போடுகிறவரும் வேலை முடித்ததும் மிச்சச் சிமெண்ட், உடைந்த ஓடு, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் சுவரோரத்தில் தள்ளி மேலே அரையடிச் செம்மண் தூவிவிட்டுப் போவார்கள். மேலே பார்க்க அருமையான மண். ஒரு வீட்டில் செம்பருத்தி வைக்கத் தோண்டினால் முழு சிமெண்ட் மூட்டையே கல்லாகிக் கிடந்தது. நாங்கள் அதைப் பெயர்த்தெடுக்கவில்லை. செடியைத்தான் தள்ளி வைத்தோம்.

சரி, கன்றுக்கு வருகிறேன். என்னிடம் வேலை பார்க்கும் பெரியம்மா ஒருத்தர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதிலிருந்து ஆரோவில் பக்கத்துக் காடுகளில் கன்று நட்டவர். அவர் ஒரு கன்றைப் பையிலிருந்து எடுப்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் பையை முந்தின நாள் ராத்திரியே தண்ணீரில் முக்கி வைத்துவிடுவார். காலையில் பழைய பிளேடால் பையை மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாகக் கீறி, தோல் உரிக்கிற மாதிரி உரிப்பார். அடியில் வேர் முறுக்குப் பிழிந்ததுபோல் வட்டமாகச் சுருண்டு கிடக்கும். அந்த அடிப்பாகத்தை ஒரு விரல் கனத்துக்கு அப்படியே சீவித் தள்ளிவிடுவார். பக்கவாட்டில் நாலு இடத்தில் மேலிருந்து கீழாகப் பிளேடால் ஒரு கோடு. புதிதாக வந்த பையன்கள் பதறுவார்கள். "ஆயா, வேர வெட்டுறீங்களே!" "வெட்டுனாத்தான்டா நேரா ஓடும். இப்படியே வெச்சா தன் கழுத்தத் தானே நெரிச்சிக்கும்." அப்புறம் இரண்டு கையாலும் மண்ணைத் தாங்கிக் குழியில் இறக்கி, தண்டைப் பிடித்துத் தூக்காமல், மண்ணைத் தள்ளி, குதிகாலால் மிதிக்காமல் கையால் அழுத்திவிட்டு, உடனே தண்ணீர். தண்ணீர்தான் மண்ணை வேரோடு சேர்க்கும், கால் இல்லை என்பார். மூன்றாம் நாள் மறக்காமல் உயிர்த் தண்ணீர். நெல்லுக்கும் வாழைக்கும் சொல்கிற அதே உயிர்த் தண்ணீர்தான்.

சுருண்ட வேர் சின்ன விஷயம் இல்லை. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. கடலூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகப் போயின. எங்கள் பக்கமும் ரோடெல்லாம் மரம். விழுந்து கிடந்தவற்றின் அடியைப் பார்த்துக்கொண்டே போனால் பலவற்றில் வேர்த்தட்டு, நட்ட குழியின் அகலத்துக்குமேல் போகவே இல்லை. ஆணிவேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் பையில் சுருண்டது, அன்றைக்குத்தான் கணக்கு கேட்டது.

எந்த மரம் விழுந்தது என்பதும் பாடம். ஆரோவில் 1968-ல் ஆரம்பித்தபோது அந்த மேட்டுநிலம் வெறும் செம்மண் பொட்டல். மழைக்கு மண் அறுத்துக்கொண்டு ஓடி, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் கிடந்தது. முதலில் நின்று வளர்ந்து நிழல் கொடுத்தவற்றில் ஆஸ்திரேலியப் பக்கத்து அகேசியா முக்கியமானது. கத்திச்சவுக்கு என்பார்கள். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும், சருகை மூட்டை மூட்டையாகக் கொட்டும், வெட்டினால் விறகு. அதன் நிழலில்தான் நம்மூர்க் காட்டு மரங்களை நட்டார்கள். தானே புயல் அடித்தபோது அந்த அகேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. கீழே நின்ற வீரை, காயா, பாலை எல்லாம் கிளை ஒடிந்தாலும் நின்றன. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையிலும் பார்த்திருப்பீர்கள், குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் கார்மேல் விழுந்து கிடந்த படங்களை. அதற்காக அந்த மரங்களைத் திட்ட மாட்டேன். அகேசியா இல்லாவிட்டால் அந்தப் பொட்டலில் காயா நின்றிருக்காது. ஆனால் கடலிலிருந்து நாலு கிலோமீட்டரில், கார் நிறுத்துகிற இடத்துக்குமேல் குல்மோகர் வை என்று சொன்னால் வைக்க மாட்டேன். தள்ளி, மூலையில், விழுந்தால் வெறும் தரையில் விழுகிற இடத்தில் வைக்கலாம்.

எங்கள் மண்ணுக்கு எது சொந்தம் என்று பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். சாமி காடு என்பதால் யாரும் வெட்டாமல் தப்பிய இடம். மரங்கள் ரொம்ப உயரம் போகாது. இலை சின்னது, தடிப்பு, கரும்பச்சை. கோடையிலும் உதிர்க்காது. காயா பூக்கிறபோது கிளையெல்லாம் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த மரங்களுக்கு ஒரே குறை, மெதுவாக வளரும். "மூணு வருஷத்துல எவ்வளவு வரும்?" என்று கேட்கிறவரிடம் "உங்க இடுப்பு வரைக்கும்" என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. அதனால் கலந்து வைக்கிறேன். புங்கனும் பூவரசும் வேம்பும் ஐந்து வருடத்தில் நிழல் கொடுக்கட்டும். நடுவில் மகிழம், நாவல், இலுப்பை மெதுவாக வரட்டும். வேலியோரம் காயாவும் வீரையும் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்துகொண்டிருக்கும். (மரத்தின் வயது பற்றிப் பொறுமை இல்லாதவர்களைத் திருவக்கரைக்குக் கூட்டிப்போகலாம். இங்கிருந்து பக்கம்தான். அங்கே மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கிறது, சுமார் 2 கோடி வருடம் என்கிறார்கள்.)

அவசரக்காரர்களுக்கு என்றே ஒரு வியாபாரம் இருக்கிறது. ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம், கோதாவரிக் கரையில் கடியம். ஊருக்கு ஊர் நர்சரி. அங்கிருந்து இந்தியா முழுக்க லாரி போகிறது. பதினைந்தடி, இருபதடி மரத்தை வேர்மண்ணோடு தோண்டி, சாக்கு சுற்றிக் கட்டி அனுப்புவார்கள். இங்கே கிரேன் வைத்து இறக்க வேண்டும். ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு பண்ணை வீட்டுக்காரர் அப்படி நாவல் மரங்கள் இறக்கினார். லாரி வாடகை, கிரேன், மரத்தின் விலை எல்லாம் சேர்ந்து வந்த பில்லைப் பார்த்துவிட்டு வேலியோரத்துக்கு மட்டும் "சின்னதா எதாவது வெச்சிடுப்பா" என்றார். இரண்டடி நாவல் கன்றுகளை வைத்தேன். பெரிய மரங்கள் முதல் வருடம் இருந்த இலையையும் கொட்டின. இரண்டாம் வருடம் தண்டிலிருந்தே பொத்துக்கொண்டு துளிர்த்தன. மூன்றாம் வருடமும் குடைபோல் விரியவில்லை. தோண்டும்போது வேரில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. மிச்ச வேரை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய உடம்புக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். இழந்த வேரைத் திரும்ப வளர்க்காமல் மேலே எதுவும் நடக்காது. அடிமரம் எவ்வளவு பருமனோ அவ்வளவு காலம் பிடிக்கும். வேலியோரக் கன்றுகளுக்கு அந்தக் கடனே இல்லை. நாலாம் வருடம் உயரத்தில் கிட்ட வந்துவிட்டன. தலை இவற்றுக்குத்தான் அழகு. அவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், விருந்தாளிகளிடம் இப்போதும் பெரிய மரங்களைத்தான் காட்டுவார்.

பெரிய மரம்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு ஒரு தொழில் விஷயம். வேரோடு வருகிற அந்த மண்ணுருண்டை பிசுபிசுத்த களி. நம் குழியில் இருப்பது பொலபொலவென்ற செம்மண். ஊற்றுகிற தண்ணீர் சுலபமான வழியில் செம்மண்ணில் இறங்கிவிடும், உருண்டையின் உள்ளே போகாது. சுற்றிலும் சேறாக இருக்க, நடுவில் வேர் காய்ந்துகொண்டிருக்கும். மெல்லிய கம்பியை உருண்டைக்குள் குத்தி இழுத்துப் பார்த்தால் தெரியும். நடும்போதே உருண்டையின் மேல்தோலைக் கொஞ்சம் உதிர்த்துவிட வேண்டும். முதல் சில மாதம் தண்டை ஒட்டி உருண்டையின் தலையிலேயே மெதுவாகச் சொட்டவிட வேண்டும். சாக்கைச் சுற்றிய நைலான் கயிற்றை அறுக்காமல் அப்படியே புதைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது மக்காது, சில வருடம் கழித்துத் தண்டைச் சுற்றி இறுக்கும்.

முட்டுக் கொடுப்பது. எங்கள் பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமில்லை, கழி சல்லிசு. கன்றின் தண்டை ஒரே கழியோடு கீழிருந்து மேல்வரை சேர்த்துக் கட்டிவிடுவது பார்க்கச் சீராக இருக்கும். ஆனால் ஆடாத மரத்துக்கு அடிமரம் பருக்காது. கழியை எடுத்த அன்றே வளையும். வேர்மண்ணுக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டு கழி அடித்து, பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டினால் அடி நகராது, தலை ஆடும். ஒரு மழைக்காலம் தாண்டியதும் கழற்றிவிட வேண்டும். அதற்குள் பாதிக் கழியைக் கறையானே தின்றிருக்கும் என்பது வேறு.

புதர்ச்செடிகளில் எனக்கு அதிகம் வேலை வைப்பது இட்லிப்பூ. எல்லாரும் கேட்பார்கள், நட்ட நாலாம் மாதம் போன் வரும்: "இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு." போய்ப் பார்த்தால் புதுத்துளிர் மட்டும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையாக வலைபோட்டு நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. எங்கள் மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். சுவரோரத்துச் சிமெண்ட், சுண்ணாம்பு கரைந்து இறங்கி மண் காரமாகிவிட்டது, போர் தண்ணீரும் உப்பு. காரமண்ணில் இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடியாது. அதே தோட்டத்தில் சுவரிலிருந்து ஆறடி தள்ளி வைத்த அதே இட்லிப்பூ கரும்பச்சையாகப் பூத்துக்கொண்டிருக்கும். கரையும் இரும்புச்சத்து வாங்கி இலையில் தெளித்தால் கொஞ்ச நாள் தேறும். நிரந்தரம் வேண்டுமானால் செடியைச் சுவரைவிட்டுத் தள்ளுவதுதான் வழி. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்.

சுவரோரத்துக்கு நந்தியாவட்டை, அரளி, மருதாணி, காகிதப்பூ. இவை எதற்கும் சலிக்காது. காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூக்கும். தினமும் ஊற்றினால் இலைதான், முள்தான். ஆடு வருகிற பக்கத்தில் நொச்சியும் ஆடாதொடையும். வேம்பை நம்ப வேண்டாம், ஆட்டுக்கு வேப்பந்தழை என்றால் உயிர். கருவேலமுள் கட்டாமல் வளர்க்க முடியாது. பவழமல்லியைப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே வைத்தவர்கள் யாரும் இதுவரை என்னிடம் குறை சொன்னதில்லை. கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரத்தில் வேலி வேண்டும் என்று கேட்டு இன்னமும் போன் வருகிறது. குஜராத் 2023-ல் தடை செய்தது, பிறகு தமிழ்நாட்டிலும் தடை வந்தது. வேர் போய்க் குழாயை அடைக்கும். முடியாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

பூச்செடிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரம் வளர்ந்து நிழல் கட்டுகிறவரை நடுவில் வெயில் விழும் இடமெல்லாம் கனகாம்பரம், நித்தியகல்யாணி, துலுக்கச் சாமந்தி. மரம் மேலே மூடியதும் இவை தாமாகவே ஒதுங்கிவிடும்.

கடைசியாகத் தண்ணீர். தோட்டம் தப்புவதும் சாவதும் இங்கேதான். காலையில் வாட்ச்மேன் ஹோஸைப் பிடித்துக்கொண்டு எல்லாச் செடிக்கும் அரை நிமிடம் காட்டிவிட்டுப் போவார். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் நனையும். வேரும் அந்த இரண்டு அங்குலத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். சித்திரையில் அவர் மூன்று நாள் ஊருக்குப் போனால் எல்லாம் சுருளும். அதற்குப் பதில் நட்ட புதிதில் வாரம் இரண்டு தடவை, கன்றுக்கு ஒரு குடம், நிதானமாக. வட்டப்பாத்தி தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருதரம் பாத்தியை வெளியே தள்ளிப் பெரிதாக்குங்கள், தண்ணீரைத் தேடி வேர் பின்னாலேயே போகும். ஐப்பசி பிறந்ததும் பாத்திக் கரையை ஒரு பக்கம் உடைத்துவிட வேண்டும். முதல் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டாம் கோடையில் வாரம் ஒருதரம். அதற்கப்புறம் வேம்புக்கும் புங்கனுக்கும் நீங்கள் தேவையில்லை.

சருகு பரப்பி மண்ணுக்கு மூடாக்கு போட்டால் இந்தக் கணக்கில் பாதி மிச்சம். வைக்கோல் விலைக்கு வாங்க வேண்டாம். எங்கள் பக்கம் மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், முந்திரிச் சருகு தோப்பில் சும்மா கிடக்கும். முந்திரி இலை சீக்கிரம் மக்காது, அதுவே நமக்கு வசதி. நாலு விரல் கனம் போடலாம், தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டுவிடுங்கள். தண்டோடு ஒட்டிப் போட்டால் கறையானுக்கு ஏணி வைத்த கணக்கு.

நான் கொடுக்கும் கொட்டேஷனில் "இரண்டு கோடை பராமரிப்பு" என்று தனியாக ஒரு வரி இருக்கும். நிறையப் பேர் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். தண்ணி ஊத்த இவ்வளவா என்பார்கள். வேண்டாம் என்றால் சரி, ஆனால் குழியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நாற்பது கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வீட்டில் பன்னிரண்டு கன்று போதும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் ஆயிரம் கன்று, மேடை, மைக், போட்டோ என்று நடத்தினார்கள். விடுமுறை விட்டதும் தண்ணீர் நின்றது. இப்போது அங்கே நிற்பது கேட்டருகில் டீக்கடைக்காரர் தன் கிளாஸ் கழுவுகிற தண்ணீரை ஊற்றி வளர்த்த புங்கன்கள்தான்.

கன்று எங்கே வாங்குவது என்று கேட்டு எழுதியவர்களுக்கு. வனத்துறை நாற்றங்கால்களில் போய்க் கேளுங்கள். 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் ஆரம்பித்ததிலிருந்து நம்மூர் மரக்கன்றுகள் முன்னைவிட நிறைய வளர்க்கிறார்கள். ஆனியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், மழை தொடங்கிவிட்டால் நல்லதெல்லாம் போய்விடும். உயரமானதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். குச்சிக் கட்டை அவிழ்த்தால் தானாக நிற்கிறதா, பைக்கு அடியில் வேர் தரையில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் அது பழைய சரக்கு. இரண்டடி உயரம், பென்சில் பருமன் தண்டு, அடிவரை இலை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். வேம்புக்கு நர்சரிக்கே போக வேண்டாம், ஆனி ஆடியில் மரத்தடியில் விழுகிற பழத்தைப் பிதுக்கி அன்றன்றே ஊன்றினால் முளைக்கும். ரொம்ப நாள் வைத்திருந்தால் முளைப்பு போய்விடும். காயாக் கன்றுதான் லேசில் கிடைக்காது. எங்காவது கண்ணில் பட்டால் எனக்கும் இரண்டு எடுத்து வையுங்கள், பணம் கொடுத்துவிடுகிறேன்.